தாய்மரம் எங்க இருக்கு?

கோவிலூர்ச் செம்மண்ணில் வைக்க மாங்கன்று வாங்கப் போகிற நண்பர்கள் முதலில் கேட்பது, "ஆர்கானிக்கா?" எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காய்க்க மூணு நாலு வருஷம் ஆகிற மரம். பையில் இருந்தபோது சாணியா யூரியாவா என்பதா விஷயம்? அப்புறம் உரம் போடப்போவது நீங்கதானே! (கன்றுக்கு மருந்தடிக்கிறவரின் நுரையீரலுக்காகக் கேட்டால் சரி, கேளுங்கள்.)

கேட்க வேண்டியது தாய்மரத்தை. எந்த மரத்தில் ஒட்டுக்குச்சி வெட்டினார்களோ, அதன் பழம்தான் உங்களுக்கும். ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்த கன்றை இறக்கி விற்கிறவருக்கு அந்த மரம் தெரியாது. இங்கேயே நாலு பாத்தி வைத்து ஒட்டுக்கட்டுகிற அக்காவுக்குத் தெரியும். "பழத்தத் தின்னு பாத்துட்டு வாங்குங்க தம்பி" என்பார். அவரிடம்தான் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

இணையத்தில் 'மியாசாகி' கன்றுக்கு மட்டும் கேட்ட விலை. மியாசாகி ஜப்பானில் ஒரு மாகாணம். அங்கே விளைவது ஃபுளோரிடாவில் உருவான இர்வின் ரகம். பசுமைக்குடிலில் வளர்த்து, பழுத்து விழுவதை வலையில் தாங்கி, இனிப்பை அளந்து தரம்பிரிக்கிறார்கள். அந்தப் பாட்டுக்குத்தான் அந்த விலை. கன்றோடு அதுவுமா பார்சலில் வரும்?

என் கன்றின் தாய் அந்த அக்கா வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறது. பேரம் பேசவில்லை.