இறால் தீவனம் கடன் கொடுக்கும் முன்...

புத்தளத்தில் இறால் தீவனம் விற்கும் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு போத்தலைக் காட்டினார். "நானா, இதைத் தீவனத்தில் கலந்தால் வெண்புள்ளி நோய் வராதாம். ஐம்பது போத்தல் எடுக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அதற்கான காரணத்தை இத்தொழிலில் பணம் போட்டிருக்கும் வர்த்தகர்கள் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

1996 இல் இலங்கைப் பண்ணைகளைத் தாக்கிய வெண்புள்ளி வைரஸ் 1998 இல் மீண்டும் பரவியபோது நானும் ஒரு குளத்தில் பங்காளி. தீவனம் தின்பதை நிறுத்திய இறால்கள் கரைக்கு ஒதுங்கின. ஒரு வாரத்தில் குளம் வெறுமையானது. தீவனக் கடனைத் தீர்க்க எனக்கு இரண்டு வருடங்கள் சென்றன.

மனிதனுக்கு ஒரு நோய் வந்து போனால் உடம்பு அதை நினைவில் வைத்துப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். தடுப்பூசி இந்த நினைவை நம்பியே போடப்படுகிறது. இறாலுக்குப் பிறபொருளெதிரி கிடையாது. குருதியில் ஓடும் மூன்று வகைக் கலங்களே அதன் பிரதான காவல். இவை கிருமியை விழுங்கும், சூழ்ந்து கறுப்பு நிறமியால் மூடும், காயத்தில் குருதியை உறையச் செய்யும். வெண்புள்ளி வைரஸோ இந்தக் கலங்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. கலங்களின் எண்ணிக்கை சரிகிறது, குருதி உறையவும் தாமதமாகிறது. காவலாளியையே கள்வன் பிடித்துக்கொண்டால் கடை என்னவாகும்? 3 முதல் 10 நாட்களுக்குள் குளம் முழுவதும் அழியலாம்.

ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் சில பொருட்கள் இக்கலங்களைத் தூண்டும் என்பது உண்மை. வைரஸின் புரதத்தைத் தீவனத்தில் கலந்து ஆய்வுகூடங்களில் சில வாரப் பாதுகாப்பும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் குளத்துக்கு உத்தரவாதம் தரும் மருந்து எதுவும் இல்லை. கிருமியற்ற குஞ்சு என்று விற்கப்படுவதும் கிருமி இல்லாமல் வந்த குஞ்சுதான். கிருமி வந்தால் தாங்கும் குஞ்சு என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆகவே வைரஸைக் குளத்துக்கு வெளியே வைப்பதே வழி. குஞ்சுக்கு பிசிஆர் பரிசோதனை, நண்டு நுழையாத வேலி, தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் வலயப் பயிர்ச்செய்கை நாட்காட்டி ஆகியவை அதற்காகவே உள்ளன. ஒல்லாந்தர் கால்வாயை நம்பியிருக்கும் பண்ணைகளில் ஒருவர் வெளியேற்றும் நீரையே மற்றவர் உள்ளே எடுக்கிறார்.

இங்கே எங்கள் தவறும் உண்டு. நோய் என்ற செய்தி கேட்டவுடன் கடன்காரர் எல்லோரும் வாசலில் நிற்கிறோம். அதற்குப் பயந்தே பண்ணையாளர் நோயை மறைக்கிறார். குளோரின் போட்டு நீரைச் சுத்திகரிக்காமலே மதகைத் திறந்து, கிடைத்த இறாலை அவசரமாக அள்ளி விற்கிறார். அந்த நீர் எங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் குளங்களுக்கும் போகிறது. ஒரு கடனை அறவிடப் போய்ப் பத்துக் கடனை இழக்கிறோம்.

என் யோசனை இதுதான்: கடன் கொடுக்கும் முன் பிசிஆர் அறிக்கையையும் நாட்காட்டியில் அவரது முறையையும் கேளுங்கள். நோயை உடனே அறிவித்து மதகை மூடி வைப்பவருக்கு அடுத்த போகம் வரை தவணை கொடுங்கள். ஒரு கடை மட்டும் செய்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஊரின் தீவன வியாபாரிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தால் பண்ணையும் பிழைக்கும், நாமும் பிழைப்போம்.