ஆயிரத்தொரு மாடும் ஐம்பத்து நாலாயிரம் தொழிலாளரும்

மண்ணூர்ப் பக்கம் விடியற்கால ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கொரியக்காரன் கார், சுங்குவார்சத்திரத்தில் கொரியக்காரன் பிரிட்ஜ், வல்லத்தில் ஜப்பான்காரன் மோட்டார் சைக்கிள். நேற்று வரை நாற்று நட்ட கை இன்று திருப்புளி பிடிக்கிறது. கொரிய முதலாளியை நமக்குத் தெரியும். கொரிய நாட்டைத் தெரியுமா?

அந்த நாடு இன்னமும் யுத்தத்தில் இருக்கிறது. 1953 ஜூலை 27-ல் பன்முன்ஜோமில் கையெழுத்தானது யுத்த நிறுத்தம்தான். சமாதான ஒப்பந்தம் அல்ல. எழுபது வருஷம் தாண்டியும் அந்த ஒப்பந்தம் வரவில்லை. அண்ணன் வடக்கே, தம்பி தெற்கே, நடுவே முள்வேலி. வடக்கே உள்ள சர்க்காரோடு எப்படிப் பேசுவது என்று வாஷிங்டனும் டோக்கியோவும் சியோலும் கூடிக் கூடி ஆலோசிக்கின்றன. 1999-ல் இதற்கென்றே மூன்று சர்க்கார்களும் ஒரு கூட்டு ஏற்பாடு செய்துகொண்டன. 2023 ஆகஸ்டில் காம்ப் டேவிடில் மூன்று தலைவர்களும் மறுபடி கைகுலுக்கினார்கள்.

கூடிப் பேசுவது தப்பா? தப்பில்லை. தனித்தனியே போனால் எதிராளி ஒருவனை வைத்து மற்றவனை மடக்குவான். சங்கம் கட்டிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம் சங்கத்தில் எல்லோருக்கும் ஒரே கோரிக்கை. அங்கே மூவருக்கும் மூன்று கோரிக்கை. அமெரிக்காவுக்கு அணுகுண்டு விவகாரம். ஜப்பானுக்கு, வடகொரிய உளவாளிகள் கடத்திப்போன தன் பிரஜைகள். 2002 செப்டம்பரில் கொய்சுமி நேரில் போன பிறகுதான் கடத்தியதையே வடகொரியா ஒப்புக்கொண்டது, ஐந்து பேர் ஊர் திரும்பினார்கள். தென்கொரிய ஜனங்களுக்கோ, சாகுமுன் வடக்கே இருக்கும் அக்காளையும் தம்பியையும் ஒரு தரம் பார்க்க வேண்டும். மூன்று மாட்டை ஒரே நுகத்தில் பூட்டினால் எந்த மாட்டின் நடைக்கு வண்டி போகும்? கொழுத்த மாட்டின் நடைக்குத்தான்.

நடந்ததைப் பாருங்கள். 1994-ல் அமெரிக்காவும் வடகொரியாவும் ஓர் உடன்பாடு செய்தன. வடக்கு தன் அணு உலையை நிறுத்த வேண்டும். பதிலுக்கு இரண்டு மின்சார அணு உலைகள் கட்டித் தரப்படும், அதுவரை வருஷத்துக்கு 5 லட்சம் டன் எண்ணெய். கட்டுவதற்கு மூன்று நேச சர்க்கார்களும் 1995-ல் கூட்டு ஸ்தாபனம் வைத்தன. செலவில் பெரும்பங்கு தென்கொரிய ஜனங்கள் தலையில். 2003-ல் முடிய வேண்டிய வேலைக்கு 2002 ஆகஸ்டில்தான் கான்கிரீட் ஊற்றினார்கள். அதற்குள் புஷ் அந்த நாட்டைத் ‘தீய அச்சில்’ சேர்த்துவிட்டார். வடக்கு ரகசியமாய் யுரேனியம் செறிவூட்டுகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எண்ணெய் நின்றது, உலையும் நின்றது.

2003-ல் பீஜிங்கில் ஆறு நாட்டுப் பேச்சு தொடங்கியது. 2005 செப்டம்பர் 19-ல் அணு ஆயுதத்தைக் கைவிடுவதாக வடகொரியா கையெழுத்துப் போட்டது. அதே மாதத்தில் அமெரிக்க நிதி இலாகா மக்காவில் ஒரு பாங்கின் மீது பாய்ந்தது. அங்கிருந்த வடகொரியப் பணம் சுமார் இரண்டரைக் கோடி டாலர் முடங்கியது. ஒரு கையில் பேனா, மறு கையில் பூட்டு! 2006 அக்டோபர் 9-ல் வடகொரியா முதல் அணுகுண்டைச் சோதித்தது. ஆறு நாட்டுப் பேச்சு கடைசியாகக் கூடியது 2008 டிசம்பரில்.

வடகொரிய ஆட்சிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. தாத்தா, அப்பன், பேரன் என்று பட்டம் கட்டிக்கொள்வது பண்ணையார் வழக்கம், பாட்டாளி வழக்கமல்ல. தொண்ணூறுகளின் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தபோதும் ராணுவத்துக்கே முதல் இடம் என்றது அந்த ஆட்சி. அங்கே வேலைநிறுத்தம் செய்ய ஒரு தொழிலாளிக்கு உரிமை இல்லை. கொடியின் நிறத்தைப் பார்த்து இதையெல்லாம் மென்று விழுங்க நம்மால் முடியாது. தெற்கும் 1987 வரை ராணுவக்காரர்களின் பிடியில் இருந்த நாடுதான். 2024 டிசம்பரில் அங்கே ஜனாதிபதி ராணுவச் சட்டம் போட்டபோது தெருவுக்கு வந்து தடுத்தவர்கள் சாதாரண ஜனங்கள்.

இனி மாட்டுக் கதைக்கு வருவோம். ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜூ-யுங் இன்று வடகொரியாவில் இருக்கும் ஒரு கிராமத்து ஏழை விவசாயியின் மகன். அப்பன் மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பையன் சியோலுக்கு ஓடிப்போனான். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஓடத் தொடங்கிய அதே 1998-ல், ஜூனில் 500, அக்டோபரில் 501 என்று ஆயிரத்தொரு மாடுகளை லாரியேற்றி எல்லையைக் கடந்து வடக்கே கொண்டுபோய்க் கொடுத்தார் கிழவர். ஒரு மாட்டுக்கு வட்டி ஆயிரம் மாடு! நாம் உருகிவிட வேண்டாம். 2000-ல் இரு கொரியத் தலைவர்களும் சந்திக்குமுன் அந்தக் கம்பெனி சுமார் 50 கோடி டாலரை ரகசியமாக வடக்கே அனுப்பியது என்று 2003-ல் விசாரணை வெளிப்படுத்தியது. மாட்டின் பின்னால் வியாபாரம் நடந்தது.

ஆனாலும் அந்த வியாபாரத்தால் வேலியில் ஒரு கதவு திறந்தது. எல்லைக்கு வடக்கே கேசோங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. தெற்கின் மூலதனம், வடக்கின் உழைப்பு. 2004 டிசம்பரில் முதலில் வெளிவந்த சரக்கு சமையல் பாத்திரம். பிறகு துணி, செருப்பு, கடிகாரம். 120-க்கு மேற்பட்ட கம்பெனிகள், சுமார் 54,000 வடகொரியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். துப்பாக்கி நின்ற இடத்தில் தையல் மெஷின் நின்றது.

தொடக்கச் சம்பளம் மாதம் 50 டாலர். அந்த டாலரை முதலாளி தொழிலாளி கையில் கொடுக்கவில்லை. வடகொரிய அதிகாரிகளிடம் கட்டினான். அவர்கள் எடுத்துக்கொண்டது போக, மிச்சம் உள்ளூர்ப் பணமாகவும் கூப்பனாகவும் வந்தது. காண்டிராக்டர் மூலம் சம்பளம் வாங்கும் ஒரகடத்துத் தோழருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அங்கே காண்டிராக்டராக நின்றது சர்க்காரே.

2016 பிப்ரவரியில், அணுகுண்டுச் சோதனைக்கும் ராக்கெட்டுக்கும் தண்டனையாக, தென்கொரிய சர்க்கார் கேசோங்கை மூடியது. குண்டு செய்தவன் வீட்டில் அடுப்பு அணையவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத்தான் வேலை போயிற்று. 2017-ல் வடகொரியத் துணி ஏற்றுமதியையே ஐ.நா. பாதுகாப்பு சபை தடை செய்தது. குண்டு குறைந்ததா? சிங்கப்பூரில் 2018-ல் டிரம்ப் கைகுலுக்கினார். ஹனோயில் 2019-ல் வெறுங்கையோடு எழுந்தார். 2020 ஜூனில் கேசோங்கிலிருந்த கூட்டுத் தொடர்பு அலுவலகத்தை வடக்கு வெடி வைத்துத் தகர்த்தது. 2024-ல் ருஷ்யாவுக்குத் தன் சிப்பாய்களை யுத்தத்துக்கு அனுப்பியது. தனிமைப்படுத்தியவர்கள் தேடிய பலன் இதுதானா?

இந்தியாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. 1950-ல் நாம் அங்கே அனுப்பியது பட்டாளமல்ல, வைத்தியப் படை. அதன் தலைவர் ரங்கராஜ். யுத்தம் நின்றதும், ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கு மேற்பட்ட கைதிகளின் விவகாரத்தைப் பார்க்க ஐந்து நாட்டுக் கமிஷன் அமைந்தபோது தலைமை நம் ஜெனரல் திம்மையாவுக்கு. வடக்கும் வேண்டாம் தெற்கும் வேண்டாம் என்ற கைதிகள் சிலர் 1954-ல் கப்பலேறி வந்து இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். பியோங்யாங் தூதரகத்தைச் சுருக்கும்படி 2017-ல் அமெரிக்க மந்திரி டில்லியில் வற்புறுத்தியபோது, பேச ஒரு வழி திறந்திருக்கட்டும் என்று மறுத்தார் சுஷ்மா சுவராஜ். அவர் கட்சியோடு நமக்குள்ள பகை ஊரறிந்தது. அந்தப் பதில் சரியான பதில். ஆனால் அதே வருஷம் தடையுத்தரவுகளிலும் டில்லி சேர்ந்துகொண்டது.

2021-ல் ஆளில்லாமல் பூட்டிய அந்தத் தூதரகத்துக்கு 2024 டிசம்பரில் நம் ஊழியர்கள் திரும்பினார்கள். சியோலில் 2025 ஜூனில் வந்த புதிய சர்க்கார் எல்லையில் அலறிய ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. வடக்கும் தன்னுடையதை நிறுத்தியது. மறுபடி பேச்சு வருமானால் கேசோங் கதவும் பேச்சில் வரும். டில்லி சர்க்கார் அங்கே வாயைத் திறக்கட்டும்: தடை நீங்கட்டும், கதவு திறக்கட்டும், சம்பளம் நேரே தொழிலாளி கையில், சங்கம் வைக்கும் உரிமையோடு. சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் உட்கார்ந்தவர்கள் இந்தக் கோரிக்கையில் முதல் கையெழுத்துப் போடலாம்.