கற்பூரம் மணக்கும் பாடம்

உடைந்துபோன பழைய டேபிள் டென்னிஸ் பந்து கிடைத்தால் முகர்ந்து பாருங்கள். கற்பூரம் மணக்கும். பருத்தியிலிருக்கும் செல்லுலோஸை அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் கிடைப்பது செல்லுலாய்ட். அண்மைக் காலம்வரை அந்தப் பந்துகள் அதில்தான் செய்யப்பட்டன.

பெட்ரோலியத்துக்கு முன்பே உலகுக்கு பிளாஸ்டிக் தந்தவை தாவரங்கள். 1838-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் செல்லுலோஸை இனம் கண்டார். பில்லியர்ட்ஸ் பந்துக்கு யானைத் தந்தம் அருகிவந்த நாளில், அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயட் 1870-இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றார். சீப்பும் பொம்மையும் சினிமாச் சுருளும் அதில் பிறந்தன. 1892-இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் மூவரும் மரக்கூழைக் கரைத்து நூலாக்கும் விஸ்கோஸ் முறையைக் கண்டறிந்தார்கள். பிறகு பாலித்தீனும் நைலானும் வந்தன. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, மரம் பின்வாங்கியது.

இன்று அதே மரத்திடம் திரும்புகிறோம். மக்காத குப்பையையும் சூடேறும் பூமியையும் பார்த்த பிறகு, இந்தத் திருப்பம் தேவைதான். ஆனால் மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தூய்மையாகிவிடாது.

செல்லுலாய்டுக்கான கற்பூரத்துக்காகத் தைவானின் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. அங்கிருந்த பழங்குடிகளின் நிலம் பறிபோனது. விஸ்கோஸ் ஆலைகளில் கரைப்புக்கு உதவும் கார்பன் டைசல்பைடு, தொழிலாளர்களின் நரம்பையும் மனநலத்தையும் குலைத்தது. நம் வீட்டு வாசலிலேயே சாட்சி உண்டு. நீலகிரியின் புல்வெளிகளில் நடப்பட்ட தைலமரமும் சீகை மரமும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போயின. ஆலைக் கழிவு பவானியில் கலந்தது. மேலே சோலைக்கு நீர் காத்த புல்வெளி போனது, கீழே அந்த நீரும் கெட்டது. மண்ணில் மக்கிப்போகும் நூலுக்கு ஒரு மலையும் ஒரு ஆறும் விலையாயின.

ஆகவே இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மரம் எந்த நிலத்தில் வளர்ந்தது? கரைப்பான் எங்கே போகிறது? இரண்டுக்கும் நல்ல விடைகள் இருக்கின்றன. லையோசெல் என்னும் துணிநூல் முறையில் கரைப்பானில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டு, மறுபடி பயன்படுத்த முடிகிறது. கரூர் மாவட்டம் புகலூரில் 1980-களிலிருந்து கரும்புச் சக்கையே காகிதமாகிறது. செல்லுலோஸுக்குக் காட்டை அழித்தே தீர வேண்டும் என்பதில்லை.

நிலக்கரியும் எண்ணெயும் உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. மரம் சில பத்தாண்டுகளில் வளர்ந்துவிடுகிறது. அந்த வேகத்தை மீறி வெட்டினால் அதுவும் சுரங்கம் தோண்டுவதுதான். இனி ஒரு கூழ் ஆலைக்கு அனுமதி வழங்கும்போது, அந்தக் கோப்பின் முதல் பக்கம் அதன் அருகே ஓடும் ஆற்றைப் பற்றியதாக இருக்கட்டும். பவானிக் கரை மக்கள் பட்ட பாட்டுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம் அது.