ஒரே கரும்பலகைக்கு இரண்டு சம்பளமா?

பக்கத்துப் பக்கத்து நிரையில் இருவர் மரம் வெட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே பனி, ஒரே கொசுக்கடி, ஒரே தராசு. ஒருவர் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருக்கிறது. மற்றவர் பெயர் காண்டிராக்டரின் சிட்டையில் இருக்கிறது. மாத முடிவில் இருவர் கைக்கும் வரும் பணம் ஒன்றல்ல. இந்த அநியாயத்தைச் செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாமும் அறிவோம். பால் வாளி தூக்கும் தோழர்களும் அறிவர்.

இதே அநியாயம் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலும் புகுந்திருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? ஒரே மணி அடிக்கிறது. ஒரே பாடப் புத்தகம். ஒரே பிள்ளைகள். ஆனால் பாடம் சொல்லும் ஆசிரியர்களில் பட்டதாரி ஒரு படி, டிப்ளோமா பெற்றவர் வேறு படி, நிரந்தரம் இல்லாதவர் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படி!

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. சட்டத்துக்காகப் பள்ளி வந்தது. ஆனால் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் உபாத்தியாயர். அவருக்குத் தோட்டம் கொடுத்ததுதான் சம்பளம். பட்டணத்து ஆங்கிலப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தோடு அதை ஒப்பிடவும் முடியாது. 1957-இல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பின்னர்தான் எல்லா மொழிப் பள்ளி ஆசிரியர்களையும் ஒரே சேவையில் சேர்க்கும் வழி பிறந்தது.

அதன் பிறகும் பேதம் ஒழியவில்லை. பெண் ஆசிரியர் ஆண் ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளமே வாங்கினார். நமக்கு இது புதிதா? 1928-இல் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்கூலி, முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு அல்லவா? ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 1967-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையடுத்து ஆசிரியர் சேவையை ஆராய அஸிஸ் ஆணைக்குழு அமைந்தது. 1960-களின் முடிவில்தான் அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம சம்பளம் கிடைத்தது. கேட்டதால் கிடைத்தது, கேளாமல் எதுவும் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? 2024 டிசம்பரில் அரசாங்க ஊழியர்களுக்குப் புதிய சம்பளத் திட்டம் வந்தது. பட்டதாரி ஆசிரியரின் பழைய 41-ஆம் தரம் 9-ஆம் தரமாகப் பெயர் மாறியது. எண் மாறியது, ஏணி மாறவில்லை.

படிப்புக்கும் பயிற்சிக்கும் மரியாதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நேற்றுக் கத்தி பிடித்தவரும், இருபது ஆண்டுகள் மரத்தில் காயம் படாமல் பட்டை சீவியவரும் ஒன்றல்லர். வேற்றுமை இருக்கலாம், ஆனால் ஏணியின் கதவு அடைத்திருக்கக் கூடாது. டிப்ளோமாவோடு வேலைக்கு வந்த எத்தனையோ ஆசிரியர்கள் சனி ஞாயிறுகளில் படித்து, கைக்காசைக் கட்டிப் பட்டம் வாங்கினார்கள். வாங்கிய பிறகும் காலியிடம் வரட்டும் என்று பழைய சம்பளத்திலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பட்டம் சுவரில் தொங்கியது; சம்பளம் மட்டும் நகரவில்லை.

தற்காலிக ஆசிரியரின் கதை இதைவிடக் கசப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் ஓர் இளம் ஆசிரியை இருந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்து வாசிக்கப் பழக்கினார். தவணை முடிந்தது, அவர் கடிதமும் முடிந்தது. அடுத்த கடிதம் வருமென்று சில மாதம் பார்த்தார். பிறகு பட்டணத்துக் கடையொன்றில் கணக்கெழுதப் போய்விட்டார். அந்தப் பிள்ளைகளில் இருவர் இன்று நம் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள். சம்பளச் சீட்டில் கையெழுத்திட இன்றும் தயங்குகிறார்கள். நஷ்டம் யாருக்கு?

“ஆசிரியர் நம்மைவிட அதிகம் வாங்குகிறார், அவருக்காக நாம் ஏன் பேச வேண்டும்?” என்று பெரட்டில் சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதே 2025-இல்தான் வந்தது. ஆகவே தோழர்களின் மனக்குறை நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்ற வழக்கத்தை ஓரிடத்தில் ஒப்புக்கொண்டால், நாளை நம் நிரைக்கு அது வரும்போது எந்த வாயால் மறுப்போம்? அங்கே கடிதத்தைக் காட்டிக் குறைப்பவர்கள், இங்கே காண்டிராக்டைக் காட்டிக் குறைக்கிறார்கள். வழி ஒன்றுதான்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. முழு நேரமும் வகுப்பை ஏற்று நடத்துகிறவருக்கு, கடிதம் எந்த வகையானாலும், அதே படிப்புள்ள நிரந்தர ஆசிரியரின் அடிப்படைச் சம்பளமும் விடுமுறையும் வேண்டும். தற்காலிகமாக உழைத்த ஆண்டுகள், நிரந்தரமாகும்போது கணக்கில் சேர வேண்டும். பட்டம் பெற்றவருக்கு எந்தத் தேதியில் உரிய தரம் கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

பெற்றோர்களே! அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். “எங்கள் பள்ளியில் நிரந்தரமில்லாத ஆசிரியர் எத்தனை பேர்? எத்தனை காலமாக?” என்று எழுந்து கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய கேள்வியை எவரும் எளிதில் ஒதுக்க முடியாது.

நம் பிள்ளை நம் கத்தியைத் தொடக் கூடாது என்றுதான் விடியுமுன் எழுந்து மரத்துக்குப் போகிறோம். அந்தப் பிள்ளையின் கையில் பென்சில் கொடுப்பவர், அடுத்த தவணை தமக்கு வேலை உண்டா என்ற கவலையோடு வகுப்பில் நிற்கக் கூடாது. இது ஆசிரியர் பிரச்சினை மட்டுமன்று, நம் பிரச்சினை.