சோக்கிரட்டீஸ் வழக்கும் எதிர்த்தரப்பும்

வழக்காடு மன்றம் யாழ்ப்பாண மேடைகளுக்குப் புதிதல்ல. ஆனால் வகுப்பறையில் சோக்கிரட்டீஸ் வழக்கை நடத்தும்போது, குற்றஞ்சாட்டும் தரப்பை ஒப்புக்கு நிறுத்துவது தவறு. கி.மு. 399இல் அவரைக் குற்றவாளியெனக் கண்ட நடுவர்கள் மூடர்களல்லர். கி.மு. 404இல் ஏதென்ஸில் கொடுங்கோலாட்சி நடத்திய முப்பதின்மரின் தலைவர்களுள் ஒருவரான கிரிட்டியஸ் அவரோடு பழகியவர். அவ்வாட்சி வீழ்ந்தபின் மறு ஆண்டில் வழங்கிய பொதுமன்னிப்பால், பழைய அரசியற் குற்றங்களைச் சுமத்த வழியிருக்கவில்லை. இந்தப் பின்னணியை அறியாத மாணவர், இளைஞரைக் கெடுத்தார் என்ற குற்றச்சாட்டின் கனத்தை உணரமாட்டார். முப்பது வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை என்று பிளேட்டோவே எழுதுகிறார். பிளேட்டோவோடு, சோக்கிரட்டீஸோடு பழகிய இன்னொருவரான செனபனையும் படிக்கவைக்க வேண்டும். இருவர் தரும் விளக்கங்களும் வேறுபடுகின்றன.

சிலப்பதிகார வழக்குரை காதை நமக்குப் போதாதா என்பர். அங்கே சிலம்பு உடைந்ததும் தெறித்த மாணிக்கமே தீர்ப்பை முடித்துவிடுகிறது. இங்கே அப்படியொரு சான்றுப்பொருள் இல்லை, சொற்களை மட்டுமே நிறுக்கவேண்டும். பரீட்சைச் சுமையால் இதற்கு நேரமில்லை என்பதும் பொருந்தாது. உயர்தரத்தில் அளவையியல் கற்பவர் போலி நியாயங்களை இனங்காண இதைவிட நல்ல பயிற்சி எது?

வாசகர்,
கொக்குவில்.