எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

ஏலக்காய் வாங்குகிறவனை ஏமாற்றிப் பாருங்கள் பார்ப்போம், எங்கள் பக்கத்தில். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிறதா, 7-இல் விழுகிறதா என்று சலிப்பான். லிட்டர் எடை எத்தனை கிராம் என்பான். சாயம் போட்டதா என்று ஈரக் கையில் தேய்ப்பான். போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ரூபாய்க்கு ரூபாய் விலை கேட்பான். அதே ஆள் கடை கட்டும்போது, கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவான். "ஏதோ ஒரு ஒயர், இழுத்து விடுப்பா!" அவ்வளவுதான்.

இந்த "ஏதோ ஒரு ஒயர்" மேல்தான் எனக்குக் கோபம்.

தேவாரத்தில் ஒரு பொதுக் கட்டடம். பெயர் வேண்டாம். மாடியில் பிள்ளைகள் டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்க 12 கம்ப்யூட்டர் போட்டார்கள். கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. ரிட்டையர் ஆன குமாஸ்தாவை வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? பில் வந்தது. ஒரே வரி: "நெட்வொர்க் ஒயரிங் வேலை, மொத்தமாக." எத்தனை மீட்டர், என்ன ரகம், எத்தனை பாயிண்ட், ஒன்றும் இல்லை. அதற்குள் பிள்ளைகள் புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள். கீழே ரௌட்டர் பக்கத்தில் பறக்கிற இன்டர்நெட், மாடியில் ஆமையாக நகர்கிறதாம்.

வேலை செய்த தம்பியைக் கூப்பிட்டேன். நல்ல பையன், மரியாதையானவன். கையில் சின்ன டப்பா மாதிரி ஒரு டெஸ்டர். ஒயரின் இரண்டு முனையிலும் மாட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை பச்சை விளக்கு வரிசையாக எரிந்தது.

"பாருங்கய்யா, எட்டும் எரியுது. ஒயர்ல குத்தமே இல்ல. சர்வீஸ்காரங்க பக்கந்தான் பிரச்சினை."

"தம்பி, அந்த மூக்கைக் கொஞ்சம் காட்டு" என்றேன். பிளாஸ்டிக் மூக்குக்குள் எட்டுக் கம்பியும் பளிச்சென்று தெரிந்தன. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடி ஜோடியாக, ரங்கோலி மாதிரி. இரண்டு முனையிலும் அப்படியே.

அங்கேதான் தப்பு. அந்த ஒயருக்குள் இருப்பது எட்டுக் கம்பி இல்லை, நான்கு புரி. கயிறு திரிப்பது போல இரண்டிரண்டாகத் திரித்திருக்கிறார்கள். ஒரு புரியில் போகிற சேதி பக்கத்துப் புரியில் ஒட்டாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு; நான்குக்கும் நான்கு விதமான முறுக்கு. கம்ப்யூட்டர் 1-2 ஒரு ஜோடி, 3-6 ஒரு ஜோடி, 4-5 ஒன்று, 7-8 ஒன்று என்று எதிர்பார்க்கிறது. ஆகவே பச்சை ஜோடி நீலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் பிரிந்து 3-இலும் 6-இலும் உட்கார வேண்டும். நம் தம்பி போட்ட வரிசையில் 3-இல் இருப்பது பச்சைக்காரி, 6-இல் இருப்பது நீலக்காரன். வேறு வேறு குடும்பத்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டாயிற்று. கம்பி தொடர்ச்சியாக இருப்பதால் விளக்கு எரியும். ஆனால் முறுக்கின் பயன் போய்விட்டது. ஒரு சேதியின் மேல் இன்னொரு சேதி ஏறும், கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கேட்கும். ஆமை நடைக்கு அதுதான் காரணம். அந்த டெஸ்டர் இதைக் கண்டுபிடிக்காது. மின்சாரம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதெல்லாம் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஞானம் இல்லை, எழுதி வைத்திருக்கிறார்கள். 1991-இல் அமெரிக்காவில் 568 என்ற எண்ணில் முதல் தரவிதி வந்தது. 1995-இல் 11801 என்று சர்வதேச விதி. அதற்கு முன்னால் ஐ.பி.எம். மெஷின் வாங்கினால் ஐ.பி.எம். சொல்கிற ஒயர், வேறு கம்பெனி என்றால் வேறு ஒயர். மெஷின் மாற்றினால் சுவரை உடைக்க வேண்டும். அந்த அடிமைத்தனத்தை ஒழிக்கத்தான் இந்த விதிகள். ஓர் இடத்தில் ரேக், அதில் பேட்ச் பேனல், அங்கிருந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் ஒட்டுப்போடாத ஒரே ஒயர், சுவரில் சாக்கெட். சுவருக்குள் 90 மீட்டருக்கு மேல் கூடாது; இரண்டு பக்கத்துச் சின்ன ஒயரும் சேர்ந்து 100. முனையில் முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்குள். நம் நாட்டிலும் 2016-ஆம் வருடத்துத் தேசியக் கட்டட விதித் தொகுப்பில் தகவல் தொடர்பு வசதிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. யார் புரட்டினார்கள்?

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டு விஷயமும் கொஞ்சம் தெரியும். அங்கே வீட்டு ஒயரிங்குக்கு 15-100 என்று ஒரு விதி. புது வீடு கட்டினால் விளக்கு, பிளக் பாயிண்ட் மாதிரியே ஆர்ஜே 45 சாக்கெட்டும் வைத்தாக வேண்டும்; எல்லா ஒயரும் ஒரு பெட்டியில் வந்து சேர வேண்டும். குடியிருக்கப் போகிறவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உண்டு. நம் ஊரில் பூச்சு முடிந்து, பெயின்ட் அடித்து, பால் காய்ச்சி, அதற்கப்புறம்தான் இன்டர்நெட் ஞாபகம் வருகிறது. உடனே டிரில்லிங் மெஷின், ஜன்னல் இடுக்கு, கரண்ட் ஒயரோடு ஒரே பைப்.

ஒயரிலேயே ஒரு மோசடி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அலுமினியக் கம்பி மேல் தாமிரப் பூச்சுப் பூசி, உறையில் "கேட் 6" என்று அச்சடித்து விற்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் சாயம் போட்ட ஏலக்காய். விதிப்படி அது கேட் 6-உம் இல்லை, கேட் 5-உம் இல்லை. முழுத் தாமிரம் இருந்தாக வேண்டும். தாமிரத்தைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நாலு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும்.

தெரிந்தவர் ஒருவர் ஏலக்காய் ஸ்டோரில் இந்த ஒயரில்தான் கேமரா மாட்டினார். இப்போதெல்லாம் கேமராவுக்குக் கரண்டும் அதே ஒயரில்தான் போகிறது. பகலெல்லாம் படம் கண்ணாடி மாதிரி. இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும். மூன்று கேமரா மாற்றினார். கடைசியில் பார்த்தால், இரவில் கேமராவின் இருட்டு விளக்கு எரியத் தொடங்கும்போது கூடுதல் கரண்ட் கேட்கிறது. அலுமினியம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. திருடன் பகலில் வருவதாக இருந்தால் அந்த கேமரா போதும்.

இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் வேண்டாம். பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். 305 மீட்டர்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், தாமிரம் கனக்கும்.

எஸ்டேட்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஐப்பசி இடி மலைச் சரிவில் எப்படி இறங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பங்களாவிலிருந்து ஸ்டோருக்கு வெட்டவெளியில் தாமிர ஒயர் கட்டினால் இரண்டு பக்கத்து மெஷினுக்கும் சேர்த்து இடியை அழைத்த மாதிரி. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் கண்ணாடி இழைதான் போட வேண்டும், அதுவும் உலோக உறை இல்லாதது. அதில் மின்சாரம் ஓடாது.

பெரிய வேடிக்கை என்னவென்றால், அரசாங்கம் அந்தக் கண்ணாடி இழையை ஊர் ஊராக இழுத்துக்கொண்டிருக்கிறது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதாக ஏற்பாடு. கம்பம் மேலேயும் மண்ணுக்கு அடியிலும் அத்தனை தூரம் ஒளி வேகத்தில் வந்த சேதி, வாசலைத் தாண்டி முப்பது மீட்டர் போக முடியாமல் சாயம் போட்ட ஒயரில் மூச்சுத் திணறினால் யாரைக் குற்றம் சொல்வது?

என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சர்வீஸில் இருந்தபோது மூன்று கொட்டேஷனை வைத்து, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, "குறைந்த விலையை ஏற்கலாம்" என்று நான் எழுதிய குறிப்புகள் எத்தனையோ. எதற்குக் குறைந்த விலை என்று கேட்டதில்லை. சிமெண்டுக்கு ரகம் எழுதினோம், கம்பிக்கு விட்டம் எழுதினோம். "கம்ப்யூட்டர் ஒயர்" என்று வந்தால் மட்டும் மொத்தத் தொகை. ஆடிட்டிலும் யாரும் கேட்கவில்லை. கேட்காததை எழுதுவானேன் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தக் கட்டடங்களில் இன்று யாரோ ஒரு கிழவர் ஆதார் கைரேகைக்காகக் காத்துக்கொண்டு நிற்கலாம்.

"அப்படிப் பார்த்தா செலவு கூடும்ய்யா" என்றான் அந்தத் தம்பி. கூடும்தான். ஆனால் சுவருக்குள் போகிற ஒயர் பதினைந்து, இருபது வருடம் இருக்கப்போவது. கம்ப்யூட்டர் ஐந்து வருடத்தில் காயலான் கடைக்குப் போய்விடும். இரண்டில் எதில் சிக்கனம் பிடிப்பது?

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பச்சை, நீலம் விஷயத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தான். "இத்தனை நாளா நூறு இடத்துல இப்படித்தான்யா போட்டிருக்கேன்" என்றான் மெதுவாக. மறுநாள் வந்து பன்னிரண்டு ஒயரின் இரண்டு முனையையும் வெட்டி, புதிதாகப் போட்டுக் கொடுத்தான். கூலி கேட்கவில்லை. நல்லவேளையாக ஒயர் தாமிரம்தான். பிளேடு போட்டுப் பார்த்துவிட்டேன். மாடியில் இப்போது பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

பில்லை மட்டும் இன்னும் பாஸ் பண்ணவில்லை. மீட்டர் அளவு, ஒயரின் ரகம், பாயிண்ட் எண்ணிக்கை பிரித்து எழுதி, மதுரையிலிருந்து சரியான டெஸ்டர் வாடகைக்குக் கொண்டு வந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் எடுத்த ரிப்போர்ட்டையும் இணைக்கச் சொல்லியிருக்கிறேன். கமிட்டியில் இரண்டு பேருக்கு என் மேல் வருத்தம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.