எத்தனை டன் வேண்டும்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். 2,000 சதுர அடி வீடு. வீடு முழுவதையும் ஒரே குளிர்சாதனம், பரணில் ஓடும் காற்றுக் குழாய்களின் வழியே குளிர்விக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் உழைத்த 4 டன் இயந்திரம் இந்தக் கோடையில் ஓய்ந்துவிட்டது. புதியது பொருத்த வந்தவர் வீட்டைச் சுற்றிப் பாராமலே, "5 டன் வைத்துவிடுங்கள், கவலையே இராது" என்கிறாராம். கணவருக்கும் அதுவே சம்மதம். உடன் வசிக்கும் மாமியாருக்கு ஆஸ்துமா; ஆகவே சகோதரிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

சகோதரியே! தங்கள் தயக்கம் நியாயமானதே.

டன் என்பது இயந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுகையில் எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலே ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. (அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. அதைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தை மெரினாவில் இன்றும் காணலாம்.)

குளிர்சாதனத்திற்கு வேலை இரண்டு: காற்றைக் குளிர்விப்பது, அதிலுள்ள ஈரத்தை வடிப்பது. ஈரம் வடிய நேரம் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய இயந்திரமோ சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். கடற்காற்று வீசும் ஹூஸ்டனில் இதன் விளைவு, சில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும் வீடு. சுவரில் பூஞ்சணம் படரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசரும் விரைவில் தேயும். மேலும், டன் ஒன்றுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று ஓடவேண்டும். 4 டன்னுக்கென அமைத்த குழாய்களில் 5 டன்னின் காற்றைத் திணித்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அப்படியானால் பழைய 4 டன்னே போதுமா? அதையும் நான் நம்பமாட்டேன். 500 சதுர அடிக்கு ஒரு டன் என்னும் வாய்ப்பாட்டைத் தங்கள் வீட்டிற்குப் போட்டுப் பாருங்கள்; சரியாக 4 வருகிறது! அன்று பொருத்தியவரும் கண்மதிப்பாகவே சொல்லியிருக்கக் கூடும்.

"மேனுவல் ஜே" முறைப்படி வெப்பக் கணக்குப் போட்டுத் தரும்படி கேளுங்கள். அந்நாட்டுக் குளிர்சாதன ஒப்பந்தக்காரர் சங்கம் வகுத்த முறை அது. ஜன்னல்களின் பரப்பு, அவை நோக்கும் திசை, பரணில் விரித்த வெப்பத்தடுப்புப் பஞ்சின் கனம், இடுக்குகளில் கசியும் காற்று, குடியிருப்போர் எண்ணிக்கை யாவும் அதில் அடங்கும். மேற்கு ஜன்னல் ஒன்று வடக்கு ஜன்னலைவிட எவ்வளவு வெப்பத்தைக் கொணர்கிறது என்பதைத் தாங்களே மாலையில் கைவைத்து உணரலாம். கணக்கிடும் முன்பே பரணிலுள்ள குழாய்களின் கசிவை அடைத்துவிடுங்கள். அதன்பின் மூன்றரை டன்னோ மூன்றோ போதுமென்று வந்தாலும் வியப்பில்லை.

வெளிப்பகுதியை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்யவேண்டாம். 2010-க்கு முந்தைய இயந்திரங்களில் பெரும்பாலும் இருந்தது ஆர்-22 வாயு. அமெரிக்காவில் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் 2020-இல் நின்றுவிட்டன. புதியவற்றில் வரும் ஆர்-32, ஆர்-454பி ஆகியவை சிறிதளவு தீப்பற்றும் இயல்புடையவை. அவற்றில் பயிற்சி பெற்றவரா என்று விசாரியுங்கள்.

மூவரிடம் விலை கேளுங்கள். எவர் அளவுநாடாவுடன் பரணில் ஏறுகிறாரோ, அவரிடம் முதலில் பேசுங்கள்.